வழிமொழிய ஒருவர்

அன்புள்ள அண்ணி,

முழங்கால் வலி தேவலையா? நேற்று திருச்சபையின் ஆண்டுக் கூட்டம் முடிந்ததும் விசாரிக்க வந்தேன். அதற்குள் உங்கள் கார் கிளம்பிவிட்டது.

புக்கிட் ரோத்தான் தோட்டத்துச் சிற்றாலயத்தை மூடிவிட்டு எல்லாரையும் டவுன் ஆலயத்துக்கே வரச் சொல்வது ஆலயக் குழுவின் எண்ணம். கார் இல்லாத வயசாளிகள் எப்படிப் போய்ச் சேருவார்கள்? அதனால்தான், அங்கே தமிழ் ஆராதனை தொடர வேண்டும் என்று முன்மொழிந்தேன்.

செயலாளர் நாற்காலியில் உங்கள் மகன். "அத்தை முன்மொழிஞ்சிருக்காங்க. வழிமொழிய யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டான். வழிமொழிய ஒருவர் இல்லாவிட்டால் ஓட்டெடுப்பே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாததா? இத்தனை வருடமாக நான் பேசி உட்காருவதற்குள் உங்கள் கை மேலே போய்விடும். நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை.

நேற்றுதான் பார்த்தேன். நீங்கள் வேதப்புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"யாரும் இல்லைன்னா அடுத்ததுக்குப் போவோம் லா," என்றான். போய்விட்டார்கள்.

அவன்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தச் சிற்றாலயத்தில்தான் அவனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. நான்தான் கையில் ஏந்தி நின்றேன். ஞாயிற்றுக்கிழமை என்னிடமிருக்கும் அதன் சாவியை அவனிடமே ஒப்படைக்க வேண்டுமாம்.

மண்டபத்து மின்விசிறி போடும் சத்தத்தில் ஒன்றும் கேட்பதில்லை. அவன் கேட்டது உங்கள் காதில் விழுந்திருக்காது. விழவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள், அண்ணி. நம்பிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்