மீசை முளைத்தது தெரியாதவன்

நவம்பர் 18
நாட்டு மக்களுக்கு முக்கிய அறிவிப்பு. திருவாளர் ஜெஃப்ரின் அவர்களின் மண்டையிலிருந்து கடைசித் தையல் இன்று பிரிக்கப்பட்டது. கொடியை இறக்க வேண்டாம், ஆள் இருக்கிறார். எந்த ஆள் என்பதில்தான் தகராறு.

கூட்டாளி சஜினின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனபோது மழையில் சறுக்கி விழுந்தேனாம். ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை வரைக்கும் எல்லாம் நினைவிருக்கிறது. கண் விழித்தால் பிளஸ் டூ. மீசை வேறு. யாரைக் கேட்டு முளைத்தது? இடையில் ரெண்டரை வருஷம் தலைமறைவு — என் தலைக்குள்ளேயே.

நவம்பர் 21
பார்க்க வருகிற எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "மக்களே, என்னைய ஓர்மை இருக்கா?" அடுத்த வீட்டு சத்தியபாய் மாமியும் கேட்டார். நான் பிறந்த நாள் முதல் பார்க்கிற முகம். "நீங்க புது பாஸ்டரா?" என்றேன். மாமி அழுதுவிட்டார். அம்மா கரண்டியோடு வந்தாள்.

இந்த ஊருக்கு ரசனை கிடையாது.

நவம்பர் 26
சஜின் வந்து பழைய ஜெஃப்ரினின் புகழ் பாடினான். ஹெட்மாஸ்டர் ஸ்கூட்டரில் 'விற்பனைக்கு' என்று போர்டு மாட்டினானாம். "நீதாம்லே ஸ்கூலுக்கே சிரிப்பு."

இதற்கா சிரித்தீர்கள்? மட்டமான சரக்கு. அப்படி ஒருவன் பக்கத்து பெஞ்சில் இருந்தால் இடம் மாறி உட்காருவேன்.

டிசம்பர் 3
நான் எதைச் சொன்னாலும் என் முகத்தையே பார்க்கிறார்கள். அந்தப் பழையவன் எட்டிப் பார்க்கிறானா என்று தேடுகிறார்கள். அப்ப நான் யாரு? வாடகைக்கு வந்தவனா? போங்கடா.

டிசம்பர் 9
சபை வாலிபர்கள் வீடு வீடாகக் கேரல் பாடப் போகிறார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் ரெண்டு வருஷமாக அவனுக்குத்தானாம். "பயமா இருந்தா சொல்லுடே, டெனிஷைப் போடச் சொல்லுதேன்" என்றார் கேரல் குழுவை நடத்தும் ஆன்ட்ரூஸ் அண்ணன்.

பயமா? எனக்கா?

அவன் எப்படிச் செய்தான் என்று சொல்ல வந்த சஜினை வாயை மூடச் சொன்னேன். நகல் எடுக்க நான் என்ன ஜெராக்ஸ் கடையா?

டிசம்பர் 20
கேரல் முடிந்தது. கலக்கிவிட்டேன். ஊரே சிரித்தது. பழைய ஜெஃப்ரினே, போய்ட்டு வா ராசா.

டிசம்பர் 21
நேற்று எழுதியது பச்சைப் பொய்.

நான் செய்ததற்கு ஒரு வீட்டிலும் யாரும் சிரிக்கவில்லை. குதிகுதியென்று குதித்தேன். மரியாதைக்குக் கை தட்டினார்கள். அது சிரிக்காததைவிடக் கேவலம்.

ஞானதாசன் மாமா வீட்டில், வாசலில் தொங்கும் ஸ்டார் லைட்டின் சுவிட்ச் பக்கத்திலேயே மாமா காத்து நின்றார். "தாத்தா, ஒண்ணும் சொல்லலியா?"

என்னத்தச் சொல்ல? முகமூடிக்குள்ள வேர்த்து ஊத்துது. எல்லாரும் என்னையே பாக்காங்க.

சஜின் சட்டென்று முன்னால் வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூனினான். கிழட்டுக் குரல். "ஏலே ஞானதாசா! இப்படி எரியவிட்டா கரண்டு பில்லு உனக்க மாமனாரா கட்டுவாரு? பெத்லகேமுக்கு வந்த நட்சத்திரம் கரண்டுலயாலே எரிஞ்சுது? அணைலே!"

மாமா பயந்தவர் போல் படக்கென்று அணைத்தார். வீடே இருட்டில் சிரித்தது. சிறுசுகள் "அணைலே! அணைலே!" என்று கத்தின. ரெண்டு வருஷமாக எல்லா வீட்டிலும் இதேதானாம். அவன் கண்டுபிடித்தது.

நானும் சிரிச்சேன். வயிறு வலிக்கச் சிரிச்சேன். நல்லவேளை, முகமூடி.

திரும்பி நடக்கும்போது சஜினிடம் மெல்லக் கேட்டேன். "அவன் வேற என்னெல்லாம் செய்வான்?"

"யாருலே?"

"நாந்தாம்லே."