ட்ராவிஸின் வலது கண்

பில்லிங்ஸ்
மார்ச் 9, 2019

அப்பாவுக்கு,

ட்ராவிஸின் வலது கண்ணைப் பறித்தது நீங்கள்தான்.

போனில் உங்களுக்கு வானிலையைத் தவிர வேறு பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன். போன வாரம் நீங்கள் அனுப்பிய பெட்டி வந்தது. தோட்டா அடைக்கும் என் தராசு, அச்சுகள், வெடிமருந்து அளக்கும் கரண்டி, எல்லாம் பழைய துண்டில் சுற்றியிருந்தன. என் சாமான் எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது என்று தம்பி ட்ராவிஸ் சொன்னானாம். அடியில் மீதித் தோட்டாக்களும் கிடந்தன. டப்பாவின் மேல் என் கையெழுத்து. உள்ளே இருந்தவை நான் அடைத்தவை அல்ல.

ஒன்றைப் பிரித்தேன். மருந்து நான் எழுதிக் கொடுத்த அதே அளவு. குண்டும் அதே குண்டு. பித்தளைக் கூடு மட்டும் வேறு, அடியில் ராணுவ முத்திரை. வெளியே பார்த்தால் ஒரே அளவு, உள்ளே சுவர் தடிமன். தண்ணீர் நிரப்பி எடை போட்டேன். என் கூடு பிடிக்கிற தண்ணீரை அது பிடிக்கவில்லை. அந்த எண்ணைக் கம்ப்யூட்டரில் போட்டதும் அழுத்தக் கோடு சிவப்புக்குள் போய் நின்றது. பெரிய குக்கருக்கு அளந்த பீன்ஸைச் சின்னக் குக்கரில் கொட்டி மூடியை இறுக்கிவிட்டீர்கள் அப்பா. அதுதான் துப்பாக்கியோடு அவன் முகத்தில் வெடித்தது.

நான் கொடுத்த தோட்டாக்கள் தீர்ந்ததும் அதே டப்பாவில் நீங்கள் புதிதாக நிரப்பி வைத்திருக்கிறீர்கள். என்னிடமும் சொல்லவில்லை, அவனிடமும் சொல்லவில்லை.

நம் பக்கத்தில் ஒருவன் அடைத்த தோட்டாவை இன்னொருவன் தன் துப்பாக்கியில் போடமாட்டான். அவன் வீட்டில் சாப்பிடுவான், அவன் டிரக்கை இரவல் வாங்குவான், அவன் விட்டுவிட்ட பெண்டாட்டியைக்கூடக் கட்டிக்கொள்வான். தோட்டாவை மட்டும் தொடமாட்டான். ட்ராவிஸ் என்னுடையதைப் போட்டான், அக்கா என்பதால். ஆஸ்பத்திரியில் கட்டுக்குள்ளிருந்து என்ன சொன்னான் தெரியுமல்லவா? "உன் கம்ப்யூட்டர்கிட்ட போய்ச் சொல்லு ஷெல்பி, கணக்கு தப்புன்னு." நீங்கள் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தொப்பியைச் சுழற்றிக்கொண்டு நின்றீர்கள்.

இந்தக் குளிர்காலம் முழுவதும் நான்தான் செய்தேன் என்று நம்பினேன். சரியாகச் சாப்பிடவில்லை. கம்ப்யூட்டரைத் திறக்கவே பயந்தேன். நீங்கள் என்னை நம்பவிட்டீர்கள்.

இடுப்பு வலி எப்படி இருக்கிறது?

ஷெல்பி

*

பண்ணை
மார்ச் 21

என் அன்பு ஷெல்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று ஒரு கிடேரி கன்று போட முடியாமல் தவித்தது. சங்கிலி கட்டி இழுத்தோம். கன்று பிழைத்தது, தாய்க்குத்தான் இன்னும் எழுந்திருக்க முடியவில்லை. பனி விட்டபாடில்லை. இடுப்பு அப்படியேதான் இருக்கிறது.

ட்ராவிஸ் தேறிவருகிறான். ஒற்றைக் கண்ணில் தூரம் பிடிபடவில்லை. கேட்டைத் தாழ்போடக் கை நீட்டினால் காற்றைப் பிடிக்கிறான். பிடித்துவிட்டுச் சிரிக்கிறான். நானும் சிரித்துவைக்கிறேன்.

கூடு பற்றி எழுதியிருக்கிறாய். எல்லாக் கூடும் கூடுதான் கண்ணு. நீ பிறக்குமுன்னிருந்தே நான் தோட்டா அடைக்கிறேன், எனக்கு எந்தத் திரையும் தேவைப்பட்டதில்லை. மருந்து அளவின் உச்சவரம்புக்கு அத்தனை பக்கத்தில் போய் நின்றது யார்? நீதானே. உன் எண்ணை நான் மாற்றவில்லை.

ஜூன் பதினைந்தாம் தேதி அவனுக்கும் கெல்சிக்கும் கல்யாணம். நல்ல பெண். அவனுடைய கண்ணாடிக் கண்ணைக் கழுவிக் கொடுக்கிறாள், முகம் சுளிப்பதில்லை. வீட்டில் இப்போதுதான் கொஞ்சம் சத்தம் அடங்கியிருக்கிறது. இதைக் கிளறாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா

*

பில்லிங்ஸ்
ஏப்ரல் 2

அப்பாவுக்கு,

கிடேரி எழுந்துவிட்டதா?

உச்சவரம்பு வரை போகச் சொன்னது நீங்கள் இருவரும். சமையலறை மேசையில் நான் எண்களைத் தட்ட, என் தோளுக்கு இருபுறமும் நின்றீர்கள். "என்ன ஷெல்பி இது, மானைக் கொல்லவா, தட்டி எழுப்பவா?" என்றான் அவன். நீங்கள் சிரித்தீர்கள். "இன்னும் ஒரு துளி போடு கண்ணு" என்றீர்கள். போட்டேன். அதற்கு மேல் முடியாது என்றும் சொன்னேன். அந்த உச்சத்திலும் என் கூட்டுக்குள் இடம் விட்டிருந்தேன். வெளியே போய்ச் சுட்டு வேகம் அளந்தோம், திரையில் வந்ததும் கருவியில் வந்ததும் ஒன்றாக இருந்தன. நீங்கள்தான் என் முதுகில் தட்டினீர்கள்.

அந்த வருஷம் எல்க் மான் விழுந்தபோது அது "நம்ம வீட்டுத் தோட்டா". கண் போனதும் "ஷெல்பியோட தோட்டா". தீவனக் கடையில் பெயர்கூட வைத்துவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அங்கே போனபோது கல்லாவில் இருந்தவன் கேட்டான்: "என்ன, கம்ப்யூட்டர் அம்மா, அடுத்து யாரு கண்ணு?" கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்போது நானும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பண்ணை அவனுக்கே போகட்டும், எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று நானே கையெழுத்துப் போட்டேன். பையன்தான் மாடு மேய்க்கிறான், சரி என்றேன். பழியை மட்டும் ஏன் என் பேருக்கு எழுதினீர்கள்?

அந்தக் கூடுகள் எங்கிருந்து வந்தன? மாடு, பனி, இடுப்பு எதுவும் வேண்டாம். இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

ஷெல்பி

*

பண்ணை
மே 5

ஷெல்பி,

கிடேரி செத்துப்போயிற்று.

டோபின் பண்ணையை வங்கி ஏலம் விட்டபோது ஒரு தகர டின் நிறையக் கூடுகள் எடுத்துவந்தேன். உன் கூடுகள் பலமுறை அடைத்துக் கழுத்தில் விரிசல் விட்டுத் தீர்ந்துபோயிருந்தன. கடையில் புதிது இல்லை. வேட்டை சீசன் நெருங்கிவிட்டது, நீ வருவதாகவும் இல்லை. ஒன்றை எடை போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. போடவில்லை. உன் தாளில் எண் இருந்தது. அவ்வளவுதான்.

அவனிடம் எப்படிச் சொல்லுவேன்? காலையில் அவனுடைய அந்தக் கண்ணுக்கு நேர் எதிரே உட்கார்ந்துதான் காபி குடிக்கிறேன். உனக்கு ஊர் இருக்கிறது, வேலை இருக்கிறது. அவன் உன்மேல் கோபமாக இருந்தால் நீ பிழைத்துக்கொள்வாய். என்மேல் கோபம் வந்தால் கெல்சியைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். பிறகு இங்கே நானும் மாடுகளும்தான். உங்கள் அம்மா போன பிறகு இந்த வீடு எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். உன்னால் தாங்க முடியும் என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்தே நீதான் தாங்குகிறவள்.

கல்யாணத்துக்கு வா. அதற்கு முன்னால் அவனிடம் சொல்லிவிடுகிறேன். இது என் வாக்கு.

அப்பா

*

பில்லிங்ஸ்
ஜூன் 17

அப்பாவுக்கு,

உங்கள் வாக்கை நம்பி நீலச் சட்டை வாங்கினேன். கெல்சிக்கு ஒரு போர்வை வாங்கினேன். விடியற்காலையிலேயே கிளம்பினேன்.

கல்யாணக் கூடத்து வாசலில் தம்பி நின்றான். "யாரு கூப்பிட்டா உன்னை?"

"அப்பா."

"அப்பா, நீங்களா கூப்பிட்டீங்க?"

நீங்கள் வானத்தைப் பார்த்தீர்கள். "மழை வரும்போல இருக்கு. எல்லாரும் உள்ள போங்க."

அப்போதே புரிந்துவிட்டது, நீங்கள் சொல்லவில்லை என்று.

"இன்னொரு கண்ணு மிச்சம் இருக்கே, அதை வாங்கிட்டுப் போக வந்தியா?" என்றான். அவனோடு ரோடியோவில் காளைச் சவாரி செய்யும் சிநேகிதர்கள் சிரித்தார்கள். பியர் டப்பாவோடு ஒருவன், "கண்ணாடி போட்டுக்கங்கப்பா, ஷெல்பி வந்திருக்கா!" என்று கத்தினான்.

நான் சொன்னேன்: "டேய், கூடு மாறிப்போச்சுடா. நான் அடைச்சது இல்ல அது. அப்பாவைக் கேளு."

அவன் உங்களைக் கேட்கவே இல்லை. உங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வெட்கமா இல்ல உனக்கு? வயசான மனுஷன் தலையில கட்டுறியே" என்றான்.

நான் சொன்னால் அது சாக்கு. நீங்கள் சொன்னால்தான் அது நடந்ததாக ஆகும். தராசு என்னிடம் இருக்கிறது, தண்ணீர் எடை இருக்கிறது, திரையில் கோடு இருக்கிறது. இவ்வளவும் சேர்ந்து உங்கள் ஒரு வாய் வார்த்தைக்கு ஈடாகவில்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள்.

போர்வையை வாசலிலேயே வைத்துவிட்டு வந்தேன். நனைந்திருக்கும்.

ஷெல்பி

*

பில்லிங்ஸ்
அக்டோபர் 14

அப்பாவுக்கு,

ஜூனில் எழுதினேன், ஆகஸ்டில் எழுதினேன். பதில் இல்லை. இதையாவது படியுங்கள்.

கெல்சி அவனுக்குத் தெரியாமல் போன் செய்தாள். ட்ராவிஸ் இடது தோளில் வைத்துச் சுடப் பழகுகிறானாம். நல்ல விஷயம். தோட்டாவும் தானே அடைக்கிறானாம், "கம்ப்யூட்டர் கண்றாவி எல்லாம் வேணாம், அப்பா மாதிரி அடைக்கிறேன்" என்று. கூடு எங்கே கிடைத்தது என்று கேட்டேன். கொட்டகையில் ஒரு தகர டின் என்றாள்.

சுட்டபின், கூட்டை வெளியே எடுக்கத் துப்பாக்கியின் தாழை, அந்த போல்ட்டை, தூக்க வரவில்லையாம். உள்ளங்கையால் அடித்துத் திறக்கிறானாம். துப்பாக்கி புதுசு, பழகினால் சரியாகிவிடும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறான். உள்ளே அழுத்தம் மறுபடி சிவப்புக்குள் போகிறது; அடுத்து என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை.

அவனுக்கு எத்தனையோ தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. கெல்சி சொல்லிப் பார்த்தாள். "அவ உன்னையும் பிடிச்சுட்டாளா?" என்றானாம். ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வந்தேன். கேட்டில் புதுப் பூட்டு. ஹாரன் அடித்தேன். ஜன்னலில் நீங்கள் நின்றதைப் பார்த்தேன்.

இதைப் படித்ததும் டின்னை ஓசைப்படாமல் ஆற்றில் வீசிவிட்டு வரலாம் என்று நினைப்பீர்கள். அது போதாது. அவன் அடைத்தவை டிரக்கில் கிடக்கின்றன, கோட்டுப் பையில் கிடக்கின்றன, எங்கெங்கோ கிடக்கின்றன. எல்லாவற்றையும் நீங்கள் திருடித் தீர்க்க முடியாது. வாயைத் திறந்துதான் ஆக வேண்டும்.

நான் வீட்டுக்கு வர மாட்டேன். மன்னிப்பும் வேண்டாம். தீவனக் கடையில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் கூப்பிடட்டும். அவன் முன்னால் உட்காருங்கள். "அந்தத் தோட்டாவை அடைத்தது நான்" என்று சொல்லுங்கள்.

ஷெல்பி

*

பில்லிங்ஸ்
அக்டோபர் 23
விரைவுத் தபால்

அப்பா,

சனிக்கிழமை சீசன் திறக்கிறது. விடிவதற்கு முன்னாலேயே அவன் மலையில் இருப்பான்.

சொன்னீர்களா, இல்லையா?

ஷெல்பி