மட்டம் குறையாத பிரேக் ஆயில்

என்றும் என் மரியாதைக்குரிய மாமா,

நீங்கள் போய் ஒரு வருஷமும் நான்கு மாதமும் ஆகிறது. தினமும் விளக்கேற்றியதும் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று வீட்டு விஷயம் ஒன்றிரண்டு சொல்லிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவேன். ஒன்பது நாளாக அங்கே நிற்க முடியவில்லை. பூவை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

திருப்பதி போய்வந்தோம். பாப்பாவுக்கு முடி இறக்குவதாக நீங்கள் வேண்டிக்கொண்டதுதான். உங்கள் வருஷத் திதி முடியாமல் மலை ஏறக் கூடாதென்று காத்திருந்தோம். மொட்டைத் தலையைத் தடவித் தடவிச் சிரித்தாள் உங்கள் பேத்தி. "எங்கப்பா மாதிரியே இருக்கா பாரு" என்றார் உங்கள் மகன்.

இறங்கும்போதுதான், மாமா. வளைவுக்கு வளைவு பிரேக்கில் கால் வைத்தபடியே வந்தார். பாதி மலையில், "சுமதி, பெடல் உள்ள போவுது" என்றார். கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. பாப்பாவை மடியோடு அழுத்திக்கொண்டு கோவிந்தா என்றேன். கியரைக் குறைத்து, கை பிரேக்கை இழுத்து, ஓரச் சுவரில் உரசி நிறுத்தினார். அரை மணி நேரம் கழித்து மிதித்தால், ஒன்றுமே நடக்காததுபோல் பெடல் கெட்டியாக நின்றது. பெருமாள்தான் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஊருக்கு வந்ததும் நெல்லித்தோப்பில் உங்கள் பழைய மெக்கானிக் பாயிடம் வண்டியை விட்டோம். பிரேக் ஆயிலை ஒரு பாட்டிலில் இறக்கிக் காட்டினார். காப்பி டிகாக்ஷன் மாதிரி இருந்தது.

"இது காத்துல இருக்கற ஈரத்தக் குடிக்கும்மா. வண்டி ஓடினாலும் குடிக்கும், நின்னாலும் குடிக்கும். நம்மூரு கடல் காத்துக்குக் கேக்கவே வேணாம். மலையில பிரேக்கு சூடேறினதும் அந்தத் தண்ணி ஆவியாயிடுச்சு. ஆவிய மிதிச்சா வண்டி நிக்குமா? ஆறினதும் பெடல் திரும்பிடுச்சு."

"மட்டம் ஃபுல்லா இருந்துச்சே பாய்?" என்றார் இவர்.

"அதான் எனக்கும் புரியல. பிரேக் பேடு இவ்ளோ தேஞ்சா ஆயில் மட்டம் தானா எறங்கணும். யாரோ ஊத்தி ஊத்தி ரொப்பியிருக்காங்க, அதுவும் எப்பவோ பிரிச்ச பழைய ஆயில. யாரும்மா ஊத்தினது?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் பாப்பாவின் தொப்பியைச் சரிசெய்தேன்.

"எங்கப்பாவாத்தான் இருக்கும். கடைசியில கண்ணு சரியா தெரியல. ஆனா வண்டிய நான்தான் பாப்பேன்னு ஒரே பிடிவாதம்" என்றார் இவர்.

"பெரியவரா? என்னையே அந்த மூடியத் தொட வுடமாட்டாரே!"

"வயசாயிடுச்சில்ல பாய்."

ஊற்றியது நான்தான், மாமா. உங்களுக்குத் தெரிந்திருக்கும். அமாவாசைதோறும் வண்டிக்கு எலுமிச்சம்பழம் சுற்றி, கற்பூரம் காட்டிவிட்டு, பானெட்டைத் திறப்பேன். பிரேக் ஆயில் டப்பா மஞ்சளடித்துப் போனதால் வெளியிலிருந்து மட்டம் தெரியாது. மூடியைத் திறந்து பார்ப்பேன். துளி குறைந்திருந்தாலும், நீங்கள் மாற்றியபோது மிஞ்சிய பாட்டிலை எடுத்து, பாப்பாவின் பழைய மருந்து மூடியால் அளந்து ஊற்றுவேன். அந்தப் பாட்டிலை நெய்யைப்போல அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன். மிச்சத்தைக் கொட்ட எனக்கு எந்த நாளில் மனம் வந்திருக்கிறது?

வண்டி நோட்டில் நீங்கள் சொல்லச் சொல்ல நான்தானே எழுதினேன். "எழுதிக்கோங்க மதாம். பிரேக் ஆயிலு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மொத்தமா மாத்தணும். பாக்க நல்லாத்தான் இருக்கும், நம்பாத." கணக்கில் உங்களைத் திருத்தும்போதெல்லாம் என்னைப் பிரெஞ்சுக்காரி மாதிரி மதாம் என்பீர்கள். மாற்ற வேண்டிய மாதம், நீங்கள் போய் ஒரு வருஷம் ஆவதற்குள்தான் வந்தது. வண்டி உறை போட்டு நின்றது. ஓடாத வண்டிக்கு எதற்கு என்று மட்டத்தை மட்டும் பார்த்தேன். நிறைந்திருந்தது. நோட்டில் டிக் போட்டேன். நானே நிரப்பி, நானே பார்த்து, நானே போட்ட டிக்.

மாற்றியிருந்தால் அந்த வளைவில் பெடல் நின்றிருக்குமா? யாரிடம் போய்க் கேட்பேன்?

இப்போது வருகிறவர் போகிறவருக்கெல்லாம் இந்தக் கதைதான். போன ஞாயிற்றுக்கிழமை அரியாங்குப்பத்திலிருந்து உங்கள் மகள் வந்திருந்தாள். "அண்ணே, அப்பா கையிலேர்ந்து அப்பவே சாவிய வாங்கி வச்சிருக்கணும். நாமதான் விட்டுட்டோம்" என்றாள். நான் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். மூன்று தடவை இவர் பக்கத்தில் போய் நின்றேன். "இன்னா சுமதி?" என்று நிமிர்ந்தார். "சோறு போடட்டுமான்னு கேட்டேன்" என்று திரும்பிவிட்டேன். பயம் இவரைப் பார்த்தல்ல. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போனவள் நான்தானே. அதை என் வாயால் எப்படிச் சொல்வேன்?

பாய் புது ஆயில் போட்டுவிட்டு, மிச்ச பாட்டிலை நீட்டினார். வேண்டாம் என்றுவிட்டேன். நான் வேண்டாம் என்றதைப் பார்த்து இவர் சிரித்தார்.

வருகிற அமாவாசைக்கு உங்களுக்குப் படைக்கும் முன், நோட்டின் அந்தப் பக்கத்தையும் இந்தக் கடிதத்தையும் இவர் கையில் கொடுத்துவிடுவேன். வெளியில் நாலு பேர் இதைப் படிப்பதென்றாலும் அதற்குப் பிறகுதான். இவர் என்ன சொல்வாரோ, உங்கள் மகள் என்ன சொல்வாளோ, தெரியவில்லை. படித்து முடிக்கும்வரை அங்கேயே நிற்பேன், அடுப்படிக்குப் போகமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் பேரைக் கெடுத்துவிட்டு வாய்மூடி நின்ற
உங்கள் மருமகள்,
சுமதி