எட்டு ஆகாது

நவம்பர் 3, திங்கள்
புது மேலாளர் சித்தார்த்தன் சாருக்கு எட்டு ஆகாதாம். கார் நம்பரில் எட்டு வரக் கூடாதென்று மூன்று முறை அலைந்தவராம். அவர் பாடு. ஆனால் எங்கள் ஆஸ்பத்திரி ஸ்கேன் படங்களை தினமும் நகல் எடுப்பது எட்டாம் தலைமுறை டேப்பில். லேபிளின் கடைசியில் L8 இருந்தாக வேண்டும். டேப் அலமாரிக்குள் இருக்கும் இயந்திரக் கை அதைப் படித்துத்தான் டேப்பை எடுக்கும்.

புதிதாக இருபது டேப் வந்திருக்கிறது. "L9னு போட்டுடுங்க மேடம். மெஷினுக்கு என்ன தெரியும்?"

மெஷினுக்குத் தெரியும் சார். ஒன்பதாம் தலைமுறை என்று நினைத்துத் தொடாது என்று மட்டும் சொன்னேன்.

"நெகட்டிவ்வா பேசாதீங்க."

அதையே மெயிலில் எழுதித் தரச் சொன்னேன். கொடுத்தார்.

நவம்பர் 4
இருபதும் L9. கோணாமல் ஒட்டினேன். நிரம்பிய பழைய டேப்புகள் பீரோவில். அவர் மெயிலின் பிரிண்ட் என் கைப்பையில்.

நவம்பர் 5
இயந்திரம் ஒன்றைக்கூடத் தொடவில்லை. எச்சரிக்கை மெயில் அவருக்கும் வந்தது, எனக்கும் வந்தது. அவர் மெயில் திறக்கும் ரகமில்லை. நான் ஏன் சொல்ல வேண்டும்? இருபத்தொரு வருட அனுபவம், நெகட்டிவ்தானே.

நவம்பர் 8, சனி
நான்காவது மெயில். இன்று எட்டாம் தேதி — சார் லீவு.

நவம்பர் 11
"நம்பர் மாத்தினதுலேர்ந்து ஒரு கம்ப்ளெயின்ட் உண்டா, பாத்தீங்களா?" என்றார் கேன்டீனில். பார்த்தேன் சார். காபி நன்றாக இருந்தது.

நவம்பர் 13, வியாழன்
சர்வர் போய்விட்டது. மூன்றாம் தேதி வரை பழைய டேப்பில் இருக்கிறது. அதற்குப் பிறகு எடுத்த ஸ்கேன் எதுவும் இல்லை. ஒன்பது நாள். அவருக்குப் பிடித்த எண்.

மீட்டிங்கில் மெயிலை எடுத்து வைத்தேன். சார் முகம் சுண்டிப்போனது. வீட்டுக்கு வந்து ரசித்து எழுத வேண்டுமென்று நினைத்திருந்தேன். ஏனோ இவ்வளவுதான் வருகிறது.

நவம்பர் 14
அந்த ஒன்பது நாளில் ஸ்கேன் எடுத்தவர்களுக்கு ஃபோன் செய்து வரவழைப்பது என் வேலையாயிற்று. முதலில் வந்தவர் ஜெசிந்தா, நொச்சிக்குப்பத்தில் மீன் விற்பவர். தலையில் கட்டி. நாளை நடக்க வேண்டிய ஆபரேஷன் தள்ளிப்போகிறது. படம் இல்லாமல் டாக்டர் கை வைக்க மாட்டார்.

"இன்னாம்மா, மறுபடியும் அந்தக் கொழாயிலயா? போன தபா உள்ள படுத்துகினு மூணு சுத்து ஜெபமாலை சொன்னேன். காப்பி எடுத்து வைக்க ஒர்த்தருகூடவா இல்ல இங்க?"

அந்த ஒருத்தர் நான்தான். கைப்பையில் பிரிண்ட் இருந்தது. இவரிடம் அதைக் காட்டி என்னவென்று சொல்வது — நான் சொன்னேன், அவர் கேட்கவில்லை, அப்புறம் எட்டு நாள் வேடிக்கை பார்த்தேன் என்றா?

வளையல்களைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நாற்பது நிமிடம் வைத்திருந்தேன்.

நவம்பர் 17, திங்கள்
யாரையும் கேட்கவில்லை. இருபது லேபிளையும் உரித்து L8 ஒட்டினேன். நகமெல்லாம் பசை. சார் பார்த்தார், காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நவம்பர் 18
பத்தொன்பது டேப் சரி. ஒன்றில் லேபிள் கோணலாம், எச்சரிக்கை மெயில். எழுந்து போய் சாரிடம் சொன்னேன்.

"மெயில்ல வந்திருக்குமே மேடம்?"

"வந்திருக்கு சார். அதான் நேர்ல சொல்றேன்."