சூளையில் சுருங்கிய தீவு

விருத்தாசலம்,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு, இளமதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் நலம். இன்றுதான் அம்மா வயிறாரச் சாப்பிட்டார்கள்.

நேற்று போனில் உங்கள் குரல் கேட்டதுமே போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அதனால்தான் கடிதம். நீங்கள் வேலை பார்க்கும் தீவுக்கே கொத்து வேலைக்கு வரும் கருவேப்பிலங்குறிச்சி கொளஞ்சிநாதன் அண்ணன் இதையும் ஒரு பொட்டலத்தையும் கொண்டுவருவார்.

புயல் செய்தி வந்து உங்கள் போன் கிடைக்காமல் போனதும் அம்மா ஒன்றையேதான் கேட்டார்கள்: "அங்க ஏறி நிக்க ஒரு மேடாவது இருக்குதாடி?" நீங்கள் முன்பு சொன்னதை வைத்து, நான் வேலை செய்யும் பொம்மைக் கம்பெனியில் மீந்த களிமண்ணில் தீவைச் செய்து காட்டினேன். மலை இல்லை, ஆறு இல்லை. கிழக்குக் கரையில் கூப்பிட்டால் மேற்குக் கரையில் கேட்கும். நடுவில் உங்கள் தோள் உயரத்துக்கு ஒரு மணல்மேடு. சுற்றிலும் வெளிர்பச்சைத் தண்ணீர். அதைச் சுற்றி வளையம்போலப் பவளப்பாறை. அதற்கு வெளியேதான் கருநீலக் கடல்.

"தோள் உசரம்தானா?" என்று அம்மா அழுதார்கள்.

சூளை பார்க்கும் சாமிக்கண்ணு மாமா அதைப் பொம்மைகளோடு வைத்துச் சுட்டுக் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா, "ஏண்டி, தீவு சின்னதாயிடுச்சே! கடலு தின்னுடுச்சா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்கள். சூளையில் மண் சுருங்கும் என்று முன்பே சொல்லிவைக்க எனக்குத் தோன்றவில்லை. சுட்ட மண் இனிமேல் கரையாது என்றேன். நம்பவில்லை. அண்டாவில் தண்ணீர் ஊற்றி, தீவை அதற்குள் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் உங்கள் போன் வந்தது.

அலையெல்லாம் பாறையிலேயே உடைந்துபோனது, மேட்டில் நின்றவர்களுக்குக் கணுக்கால் வரைதான் தண்ணீர் வந்தது என்று நீங்கள் சொன்னதை அம்மா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பழமலைநாதருக்கு இரண்டு தேங்காய் உடைத்தார்கள். ஒன்று உங்களுக்காம், ஒன்று அந்தப் பாறைக்காம்.

கிணற்றில் உப்பு ஏறியிருந்தால் குடிக்காதீர்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து வையுங்கள்.

பொட்டலத்தில் தீவு இருக்கிறது. மணல்போலத் தெரியட்டும் என்று மேட்டுக்கு மட்டும் பளபளப்பான கிளேஸ் பூச்சு பூசாமல் சுடக் கொடுத்தேன். அங்கே பென்சில் பிடிக்கும். புயலன்று நீங்கள் நின்ற இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள் அப்பா. நான் பார்க்க வேண்டும். ஆனால் யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். நீங்களே கொண்டுவாருங்கள்.

உங்கள் மகள்,
இளமதி