பட்டிப் பொங்கலுக்குப் பிடுங்கிய களை

2025 ஜனவரி 9, வியாழன்

பழுகாமத்துக்கு அப்பால் மேய்ச்சல் தரையில் இன்றும் களை எண்ணினோம். ஆறு கட்டத்தில் மாடு மேயும். ஆறு கட்டம் வேலியடைத்தது. மாடு வராத இடத்தில் களை கூடுமா, குறையுமா? அதுதான் பேராசிரியர் வசந்தாதேவியின் கேள்வி. மேடம் சேற்றில் முழந்தாளிட்டு ஒரு முளையைக் காட்டினார். "இவர் நேற்றுத்தான் வந்திருக்கிறார், கலாஜினி. பேரைக் கேட்டு எழுதுங்க." சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

கடைசி எண்ணிக்கை அடுத்த வியாழன். நான் தனியாகப் போக வேண்டும். அறிக்கை சரிவந்தால் என் உதவியாளர் வேலை இன்னொரு வருடம் நீளும்.

ஜனவரி 10

அம்மா மீன் கழுவிக்கொண்டே கேட்டார்: "புல்லு எண்ணவாகா கெம்பஸ் போய்ப் படிச்ச?"

ஜனவரி 16, வியாழன்

மூன்று வேலிக்குள் ஒரு செடி இல்லை. வெறும் மண்.

மாட்டுப் பட்டிக்காரர் அழகரத்தினத்தின் மனைவி கண்ணகை அக்கா ஓடிவந்தார். முகமெல்லாம் சந்தோஷம். "நேத்து பட்டிப் பொங்கல்தானே புள்ள, எல்லாம் துப்பரவாக்கினம். உன்ட வேலிக்குள்ள ஒரே பத்தை. பெரிய மிஸ் வந்தா உனக்கு ஏசுவாவே எண்டு நானே புடுங்கிட்டன். மூண்டோட இடுப்பு முறிஞ்சி போச்சு!"

மிச்சம் வைத்த பொங்கலும் தந்தார். சாப்பிட்டேன். எண்ணிக்கை கெட்டுப்போனதை எப்படிச் சொல்வது?

ஜனவரி 17

போன வார எண்ணிக்கை இருக்கிறது. கொஞ்சம் கூட்டிப் போட்டால் யாருக்குத் தெரியும்? முதல் கட்டத்துக்கு 41 என்று எழுதினேன். பார்க்க உண்மை போலவே இருந்தது. அழித்தேன். சீ, என்ன பிறவி நான்?

ஜனவரி 20, திங்கள்

மேடத்திடம் சொல்லிவிட்டேன். மேசையில் தலை கவிழ்ந்தார். அழுகிறாரோ என்று பயந்தேன் — சிரிப்பு! "ஊரெல்லாம் களை பிடுங்கச் சொல்லித் திரியிற ஆள் நான். எனக்கு இது வேணும்."

அறிக்கையில் மூன்று கட்டத்தையும் வெறுமையாக விட்டு, நடந்ததை அப்படியே எழுதச் சொன்னார். வேலையைப் பற்றிப் பேச்சில்லை. நான் வெளியே வரும்போது மட்டும் கேட்டார்: "ஆறு மாசமாப் போறீங்க. என்னத்துக்கு எண்ணுறம் எண்டு அந்த மனுசிட்ட ஒரு நாளாவது சொன்னீங்களா?"

இல்லை. பார்க்கும்போதெல்லாம் புன்னகைத்தேன். அவ்வளவுதான்.

ஜனவரி 23

சொன்னேன். சாணம் அள்ளிக்கொண்டிருந்த அக்கா கூடையைக் கீழே வைத்தார்.

"அப்ப களைய வளக்கத்தானா வேலி?"

"ஓம் அக்கா."

"நான் கெடுத்துப்போட்டனா?"

இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. "ஓம் அக்கா. ஆனா சொல்லாதது என்ட பிழை."

கூடையை மறுபடி தூக்கி இடுப்பில் வைத்தார். பிறகு, "வாய் இருக்குதானகா உனக்கு? பொங்கல் திங்க மட்டும் துறக்குற!" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

பெப்ரவரி 28

வேலை இன்றோடு முடிந்தது. இன்னொரு மாரிக்காலத்துக்கும் எண்ண வேண்டும் என்று மேடம் எழுதிக் கேட்டிருக்கிறாராம். கிடைக்குமா தெரியாது.

நவம்பர் 20, வியாழன்

மேடம் கேட்டது கிடைத்துவிட்டது; இன்று இந்த மாரியின் முதல் எண்ணிக்கை. செட்டிபாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது கண்ணகை அக்காவின் அழைப்பு. "ரெண்டாம் வேலிக்குள்ள புதுசா ஒண்டு முளைச்சிருக்கு புள்ள. எனக்கும் பேர் தெரியா. கை வைக்கல்ல. எங்கட மனுசனையும் கிட்ட விடல்ல. கெதியா வா!"

இலை எப்படி, தண்டில் மயிர் இருக்கிறதா, மாடு மோந்து பார்த்ததா — கேட்டுக்கேட்டுக் கதைத்ததில் பஸ் போய்விட்டது.