உயிரோடிருப்பவருக்கு ஒட்டிய அஞ்சலி

மார்ச் 4, செவ்வாய்

கோட்டைக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை என்று இன்றும் கைவிரித்துவிட்டார்கள். போகட்டும். செஞ்சியில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிறவனுக்குக் கோட்டை ஒரு கேடா? சிங்கவரம் போகிற வழியில் மூடிக் கிடக்கும் ரைஸ்மில் போதும். பேய் பார்க்கப் போன மூன்று பேர் திரும்பவில்லை, அவர்கள் செல்போன் மட்டும் கிடைக்கிறது, அதில் பதிவானதுதான் படம். லைட் வேண்டாம், செட் வேண்டாம். கேமரா ஆடினாலும் கேட்பாரில்லை.

பேயாக நடிக்க பூவாயி அம்மாள் ஒத்துக்கொண்டார். அவலூர்பேட்டை சந்தையில் கத்திரிக்காய் விற்பவர். "பேய்க்கு டயலாக் இல்லியே தம்பி? எனுக்கு மனப்பாடம் வராது."

மார்ச் 9, ஞாயிறு

அந்த அம்மாள் மூலையில் திரும்பி நின்றாலே பேய்தான். நேரில் பார்த்தால் சிரித்த முகம்.

சாப்பிடும்போது மகளைப் பற்றிச் சொன்னார். வளர்மதி. வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு பெங்களூர் போனவள். போன அன்று இவர் தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருக்கிறார். அதோடு பேச்சுவார்த்தை இல்லை. "படம் செல்லுல வருமில்ல? அவ பாப்பாளா?" என்று கேட்டார். இதற்காகத்தான் நடிக்கவே வந்திருக்கிறார்.

மார்ச் 16, ஞாயிறு

படத்துக்கு விளம்பரமாகப் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. சினிமா போஸ்டர் இல்லை. கண்ணீர் அஞ்சலி. பூவாயி அம்மாள் போட்டோ, மாலை, குத்துவிளக்கு, கீழே படத்தில் வரும் பேயின் பேராக 'மில் பூவாயி, அவலூர்பேட்டை'. பஸ் ஸ்டாண்டு, கூட்ரோடு, சந்தை எல்லா இடத்திலும். பிளக்ஸ் கடை தாண்டவராயன் மட்டும் தயங்கினான். "வேற பேரு போடலாம்டா." நிஜப் பேரும் நிஜ ஊரும் இருந்தால்தான் ஜனம் நம்பும் என்றேன்.

பூவாயி அம்மாளுக்கு ஒரே சிரிப்பு. "உயிரோட இருக்கசொல்ல செத்துட்டேன்னு சொன்னா ஆயுசு கெட்டி தம்பி."

மார்ச் 18, செவ்வாய்

வளர்மதி வந்துவிட்டாள். யாரோ போஸ்டரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். தெருமுனையிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தாள், கையில் மாலை, கோடிப்புடவை. பூவாயி அம்மாள் வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். பாக்கி ஒரு ஷாட்டுக்காக நானும் அங்கே நின்றேன், போன் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஏன்டா நிறுத்தல?

அம்மா ஈரக்கையோடு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். அவள் என் போனைத்தான் பார்த்தாள்.

"நான் அழுவுறதயும் படம் புடிக்கிறீங்களா?" பிறகு அம்மாவிடம்: "உயிரோட இருந்து கூப்ட்டிருந்தா வந்திருக்க மாட்டேனா? செத்துல்ல கூப்ட்டிருக்க."

நான்தான் செய்தேன், அம்மாவுக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். காதிலேயே வாங்கவில்லை. ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் போய்விட்டாள்.

மார்ச் 19, புதன்

அந்தக் காட்சியை அழித்துவிட்டேன். இப்போது அழித்து யாருக்கு என்ன?

ஏப்ரல் 20, ஞாயிறு

படம் யூடியூபில் போய்விட்டது. நிறையப் பேர் பார்க்கிறார்கள். அந்த அம்மா நிஜமாகவே செத்தவரா என்று சண்டை போடுகிறார்கள். இதைத்தானே ஆசைப்பட்டேன்?

பூவாயி அம்மாள் தினமும் போன் செய்கிறார். "அவ பாத்தாளான்னு அதுல தெரியுமா தம்பி?" எத்தனை பேர் என்றுதான் தெரியும், யார் என்று தெரியாது. "பாத்திருப்பாம்மா" என்று சொல்லிவிட்டேன்.

மே 21, புதன்

அவர் சந்தைக்குப் போவதில்லை. மூச்சு வாங்குகிறது, கால் வீங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருதயம் பலவீனம் என்றார்கள். அக்கம்பக்கத்தில் நம்பர் வாங்கி முன்பே கூப்பிட்டதில் என் நம்பரை வளர்மதி பிளாக் செய்திருப்பதால் தாண்டவராயன் போனில் கூப்பிட்டேன். "அம்மாவுக்கு முடியல" என்றதும், "யாரு எழுதன டயலாக் அண்ணா இது?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் ஏது.

ஜூன் 12, வியாழன்

விடியற்காலையில் பூவாயி அம்மாள் போய்விட்டார்.

தாண்டவராயன் போஸ்டர் அடித்தான். ஒட்டும்போதே டீக்கடையில் ஒருவர், "அடுத்த படம் எப்போ வருது?" என்று கேட்டிருக்கிறார். சந்தைக்காரர்கள் பாதிப் பேர் வரவில்லை. வந்தவர்களும் கிட்டே போய்ப் பார்த்துவிட்டுத்தான் அழுதார்கள்.

மகள் வரட்டும், வாய்க்கரிசி அவள்தான் போட வேண்டும் என்று பெண்கள் காத்திருந்தார்கள். எத்தனை தடவை கூப்பிட்டும் அவள் எடுக்கவில்லை. கடைசியில், நம்பட்டும் என்று, அந்த முகத்தை வீடியோ எடுத்துத் தாண்டவராயன் போனிலிருந்து அனுப்பினேன். நெற்றியில் ஒட்டிய காசு, மூக்கில் பஞ்சு, சுற்றி அழுகிற பெண்கள் எல்லாம் அதில் இருக்கிறது.

பதில் இல்லை. பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்றார்கள். வாய்க்கரிசி பக்கத்து வீட்டுப் பெண் போட்டாள்.

சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு நின்றபோது தாண்டவராயன் போனை நீட்டினான். வளர்மதி எழுதியிருக்கிறாள்:

"படம் முழுசா பாத்துட்டேன் அண்ணா. இப்ப அனுப்புனதும் பாத்தேன். அம்மா நல்லாவே நடிக்குது. எனக்குக் கோவம்லாம் போயிடுச்சுன்னு சொல்லுங்க. ஆடிக்கு அம்மா ஊட்டுக்கு வரேன்."

ஆடி பிறக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.